செல்ஃப் வைத்த புல்லட்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வந்து என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "புல்லட் அக்கா வூடு எது?" என்று கேட்டால் போதும், முனையில் இட்லிக்கடை வைத்திருக்கிறவர் கரண்டியைப் போட்டுவிட்டு வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். இன்றைக்கும் அப்படித்தான் கூட்டிவருவார். வீட்டில் புல்லட் இருக்கிறது, அக்காவும் இருக்கிறேன். ஆனால் இரண்டு பேருக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. விடிகிற நேரத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவருகிற வேலை. ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, சில நாள் எண்ணூர்வரைகூட. சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் தாமதமானால் "காபி குடிச்சிரவாம்மா?" என்று போன் வந்துவிடும். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற எக்ஸ்பிரஸ் ரோட்டில் பஸ்ஸை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. சொந்தமாக வண்டி வேண்டும். என்னிடம் அப்பாவின் புல்லட் இருந்தது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வேலையில் சேர்ந்து சில வருடத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி அது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கிற பழைய மாடல். அதை ஸ்டார்ட் செய்வது ஒரு தனி வித்தை. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே டேங்குக்கு முன்னால் இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் நடுவில் வந்து நிற்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். இடது கையால் இன்ஜினுக்குள் இருக்கிற அழுத்தத்தைத் திறந்துவிடுகிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு இம்மி இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்ததும் மொத்த உடம்பையும் போட்டு ஒரே மிதி. சரியாகச் செய்தால் ஒரே மிதியில் எடுக்கும். அவசரப்பட்டு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழும் அந்த அடி, அப்பப்பா, கண்ணில் பூச்சி பறக்கும்.

என் தம்பி பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்படி ஒரு அடி வாங்கினான். கால் வீங்கி, வாரக்கணக்கில் நொண்டினான். அத்தோடு கிக்கரைத் தொடவில்லை. ஓட்டத் தெரியும் அவனுக்கு, நன்றாகவே ஓட்டுவான். ஆனால் நடுவழியில் நின்றுபோனால்? "அக்கா, வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடு" என்று என்னைக் கூப்பிடுவதா? அதைவிட அவனுக்குக் காட்டுப்பள்ளிவரை வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே போவது மேல். நானோ அப்பா ஸ்டார்ட் செய்வதைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன். கல்யாணமாகிப் போய், அது சரிவராமல் திரும்பி வந்தபோது அப்பாவுக்குச் சிறுநீரகம் போயிருந்தது. டயாலிசிஸுக்கு அந்த வண்டியில்தான் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அவர் போன பிறகும் வண்டியை நான்தான் ஓட்டினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? வேறு யாராலும் அதை எழுப்ப முடியாது.

அதாவது அந்தக் கிக்கர்தான் எனக்குப் பட்டா. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எம்.கே.பி. நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் கிடையாது. மேல் மாடியில் ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுத்துவிட்டு இறங்கும்போது, யாரோ கழுவிவிட்ட படியில் கால் வழுக்கிவிட்டது. பெட்டிக்குள் எல்லார் வீட்டு ரத்தமும் இருந்தது. அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தேன், அதனால் வலது முட்டி முழுசாக அடி வாங்கியது. படியில் கிடந்தபடியே ஆபீஸுக்குப் போன் செய்தேன். "சாம்பிள் உடைஞ்சிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். உடையவில்லை என்றேன். "நல்லவேளை" என்றார்கள். நல்லவேளையாம்!

சவ்வு கிழிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே திருகாணி வைத்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். "நடக்கலாம், படியேறலாம், வண்டிகூட ஓட்டலாம்மா. ஆனா உதைக்கிற வேலை மட்டும் ஆகாது. இன்னொரு தடவை திருகினா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கியருக்குப் பிரச்சனை இல்லை, கால் விரலால் தட்டினால் விழும். கிக்கருக்கு என்ன செய்வது? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உதைக்க வேண்டிய பிழைப்பு.

ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். "ஸ்கூட்டி வாங்கிக்கயேன்." அம்மா சொன்னாள், பக்கத்து வீடு சொன்னது, ரத்தம் எடுக்கப் போன இடத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். என்னமோ உலகத்தில் ஸ்கூட்டி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது மாதிரி. அது அப்பா உட்கார்ந்த சீட்டு, எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், அந்த வண்டியில் போனால்தான் நான் நானாக இருக்கிறேன் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? "எனக்குத் தெரியும், சும்மா இரு" என்று அம்மாவிடம் மட்டும் கத்தினேன்.

வண்ணாரப்பேட்டையில் எங்கள் மெக்கானிக் பாய் இருக்கிறார். அப்பா காலத்திலிருந்து வண்டி அவரிடம்தான் போகும். உதைக்காமல் பட்டனை அமுக்கி எடுக்கிற மாதிரி செல்ஃப் ஸ்டார்ட் வைக்க முடியுமா என்று கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாமா சொல்ற? புல்லட்டுக்கு செல்ஃபா? புது வண்டில கம்பெனிக்காரனே வெச்சுக் குடுக்கறான், அது வேற. இதுக்கு வெச்சா நல்லாவா கீது?"

"பாய், கால் போச்சு. நல்லா இருக்கறதப் பத்திப் பேசாதீங்க. ஆவுமா ஆவாதா?"

"ஆவும். ஆனா பாதி வண்டிய அவுக்கணும்."

அவிழ்த்தார். சொன்னது பாதி, எனக்கென்னவோ முழுசாகத்தான் தெரிந்தது. இடது பக்க மூடி, அதற்குள்ளிருந்த செயின், கிளட்ச் தட்டுகள் எல்லாம் பழைய பேப்பர் மேல் எண்ணெயோடு பரப்பிக் கிடந்தன. வண்டி ஆறு வோல்ட். அந்தக் கரண்டுக்கு மோட்டார் சுற்றாது, ஆகவே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். பழைய பேட்டரி டிபன் டப்பா அளவு. புதியதை வைக்க இடது பக்க டூல்பாக்ஸை எடுத்துவிட்டுப் பெரிய பெட்டி செய்தார். மோட்டாரும் பல்சக்கரமும் புதுப்பேட்டைக்கு நடையாய் நடந்து வாங்கிவந்தார். டைமிங்கை மட்டும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். "டைமிங் தப்பா இருந்து வண்டி திருப்பி அடிச்சுதுன்னு வையி, உள்ள இருக்கற கிளட்ச் ஒடஞ்சிரும். பட்டன நீட்டுக்கு அமுக்கினே இருக்காத. எடுத்ததும் வுட்டுரு. பேட்டரிய மழைல நனைய வுடாத." பாய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவரைக் குறைசொல்லி என்ன, அவருக்கும் தோன்றியிருக்காது.

சீட்டுக் கட்டி எடுத்த பணம் முழுக்க அதில் போயிற்று. தம்பி அப்போது ஒரு பைசா தரவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று பட்டனைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாக்கா, கிழவிக்குப் பல்லு கட்டுன மாதிரி கீது" என்றான். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கென்ன. மறுநாள் விடியற்காலை சாவியைப் போட்டு, கட்டைவிரலால் ஒரு அமுக்கு. கிர்ர் என்று ஒரு சுற்று, அப்புறம் அதே பழைய தடதடப்பு. எண்ணூர் குவார்ட்டர்ஸ்வரை போய்வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தினேன், ஒவ்வொரு வாசலிலும் ஒரு அமுக்கில் எடுத்தது. மணலி பக்கமிருந்து வருகிற எண்ணெய் நாற்றம்கூட அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான்.

அப்படியே ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தெருவில் ஆயுத பூஜை என்றால் லாரி, ஆட்டோ, மீன்பாடி வண்டி எல்லாம் வரிசையாக நின்று மாலை போட்டுக்கொள்ளும். நான் முதல் நாளே புல்லட்டைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, ஹேண்டில்பாரில் வாழைக்கன்று கட்டிவிட்டேன். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு, வண்டிக்காரர் ஏறி ஸ்டார்ட் செய்து பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். யார் பழத்தின் மேல் ஏற்றுகிறார்களோ அவர்கள் வண்டி. இதை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற ஆட்டோவில்கூட பூஜையன்று சொந்தக்காரன்தான் வந்து ஏறுவான். அப்பா இருக்கும்வரை அப்பா. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நான்.

அன்றைக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டியை நோக்கிப் போனேன். அம்மா சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள்.

"நீ ஏறுடா. ஆம்பளப் புள்ள வூட்ல இருக்கசொல்ல அவ இன்னாத்துக்கு? இத்தினி வருசம் உனக்கு அது எடுக்கல, சரி. இப்பதான் பட்டன் கீதே."

நான் வாயைத் திறப்பதற்குள் ஏறிவிட்டான். ஒரு அமுக்கு. எடுத்துவிட்டது! நன்றிகெட்ட வண்டி, ஒரு இருமல்கூட இருமவில்லை. பழம் நசுங்கியது. தெருவில் விசில் அடித்தார்கள். "அப்பன் மாதிரியே கீறான் பாரு" என்று எவளோ ஒருத்தி சொன்னாள். அப்பன் ஒரு நாளும் பட்டனை அமுக்கியதில்லையடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சுற்று போனவன் சாயங்காலம்தான் திரும்பி வந்தான்.

அதற்கப்புறம் என்ன, மாட்டி வைத்த ஆணியில் சாவி இருக்காது. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் கூட்டமாகப் போகிற குழு ஒன்றில் சேர்ந்தான். அவன் போட்டோ போட்டு "அப்பாவின் வண்டி, இப்போது மகனிடம்" என்று எழுதியிருந்ததை எனக்குத் தெரிந்தவர்களே எனக்கு அனுப்பினார்கள். பிறகு வேலைக்கும் எடுத்துப்போக ஆரம்பித்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். காபி குடித்துவிட்டவர்கள் ஆபீஸில் புகார் சொன்னார்கள். எண்ணூர் பக்கத்து வீடுகளை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள்.

"வண்டி யாருதுடா?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா கேள்வி இது? அப்பாவுது."

"அப்பாவுதுன்னா?"

"அப்பாவுதுன்னா பையனுக்குத்தான வரும்? நான் இன்னா தூக்கினு ஓடியா பூட்டேன்? ராத்திரி ஆனா நம்ம வூட்டு வாசல்லதான கீது."

இத்தனை வருடம் அவன் வாயை அடைத்து வைத்திருந்தது அக்கா மேல் இருந்த மரியாதை இல்லை, முள் நடுவில் வராத பயம். அந்தப் பயத்தைக் காசு கொடுத்து, பாதி வண்டியை அவிழ்த்து, நானே எடுத்துப் போட்டுவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

அடுத்த ஞாயிறு அவன் எழுந்திருக்கும் முன்பே போய், பட்டனுக்குப் போகிற வயரை உருவிவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை. கிக்கரை உதைத்தால் வண்டி எடுக்கும். டீயை ஆற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். இந்த ஊர் வெயிலுக்குக் கறுப்பு லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு துரை வந்தார். அமுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். குழு ஆள் ஒருவன் தெருமுனையில் ஹாரன் அடித்தான்.

"வயர நான்தான் எடுத்தேன். அப்பா வண்டிதான? அப்பா மாதிரி ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

இட்லிக்கடையில் நின்றவர்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மீட்டரைப் பார்க்காமல், லீவரைப் பிடிக்காமல், கோபத்தில் ஓங்கி ஒரு உதை. திருப்பி அடித்தது. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தவன், எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். "சரிக்கா. நீ ஒதைச்சு எடு. எடுத்துட்டன்னா வண்டி உன்னுது. அம்மா மேல சத்தியமா இனிமே தொட மாட்டேன்."

நான் டீ டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனேன். சாவியைப் போட்டேன். கிக்கரை மெல்ல இறக்கினேன், முள் நடுவுக்கு வந்தது. லீவரைப் பிடித்து இன்னும் ஒரு இம்மி. விட்டேன். கிக்கர் மேலே வந்து என் பாதத்தின் கீழே நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு மிதி மிதித்திருந்தால் எடுத்திருக்கும், எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகமில்லை.

முட்டிக்குள் அந்தத் திருகாணி இருந்தது. அது பிடுங்கிக்கொண்டால் படி ஏற முடியாது. படி ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாமல், கல்யாணமாகித் திரும்பி வந்தவள், அம்மா வீட்டு மூலையில் காலை நீட்டிக்கொண்டு, இவன் போடுகிற சோற்றைச் சாப்பிட வேண்டும். வண்டி மட்டும் என் பெயரில் வாசலில் நிற்கும். காலை ஊன்றியபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு பாதத்தைக் கிக்கரிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"போதும் வாடி. எல்லாரும் பாக்கறாங்க, பேஜாரா கீது. வயர மாட்டிக் குடு அவனுக்கு" என்றாள் அம்மா.

முட்டி போட முடியாது எனக்கு. தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையைப் பேட்டரிப் பெட்டிக்குள் விட்டு, நான் உருவிய வயரை நானே மாட்டினேன். அவன் அமுக்கினான். எடுத்தது.

"தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னான். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

இப்போது தவணையில் வாங்கிய ஸ்கூட்டியில் போகிறேன். போகிற வீட்டிலெல்லாம் கேட்டார்கள், "புல்லட் எங்கம்மா?" முதலில் உள்ளதைச் சொன்னேன். "தம்பிதான, வுடும்மா, இதப் போயி பெருசு பண்ணினு" என்றார்கள். நியாயம் கேட்கப் போய் நான்தான் சண்டைக்காரி ஆனேன். அதனால் பதிலை மாற்றிக்கொண்டேன். கொடுத்துவிட்டேன் என்று சொல்கிறேன். அப்படிச் சொன்னால் யாரும் மேலே பேசுவதில்லை.

போன வாரம் காலடிப்பேட்டையில், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த வண்டியை நன்றாகத் தெரியும். கேட்டார். "தம்பிக்குக் குடுத்துட்டேன் நைனா" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ்ளோ ஆசையா வெச்சினு இருந்தியே. மனசார தூக்கிக் குடுத்துட்ட பாரு. அக்கான்னா இப்டி இருக்கணும்மா."

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். "ஆமா நைனா. கைய மடக்கிக்கோ" என்றேன்.